என் மெஷின்ல ஓடுதே!

தம்பி, நீ வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. உன்னை நம்பி ஒரு சின்ன லைப்ரரியைக் கொடுத்திருக்கிறார்கள். கன்டெய்னர் கதவில் நாலு எழுத்து, ஆறு எண், அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் தனியாக இன்னொரு எண் எழுதியிருக்குமே, அந்தக் கடைசி எண் சரிதானா என்று பார்க்கிற லைப்ரரி. எழுத்துகளுக்கும் ஒரு மதிப்பு உண்டு. முன்னால் இருக்கும் பத்தையும் வரிசையாக 1, 2, 4, 8 என்று 512 வரை பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கட்டத்துக்குள் இருக்க வேண்டும். மீதி 10 வந்தால் 0 என்று வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பத்துச் சமாச்சாரத்தை ஞாபகத்தில் வை, பின்னால் வரும்.

அந்த லைப்ரரியை அடைத்துவைத்திருக்கிற உன் ஜார் ஃபைல் செய்வது அவ்வளவுதான். ஆனால் யார்டு சாஃப்ட்வேர் அதை நம்பியிருக்கிறது. கேட் பாஸ் அடிக்கிற சாஃப்ட்வேர் நம்பியிருக்கிறது. பில் போடுகிற சாஃப்ட்வேர் நம்பியிருக்கிறது. இத்தனை பேரையும் நடுரோட்டில் நிறுத்துவது எப்படி என்று உனக்குக் காலேஜில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் டீ குடித்தபடியே பதினைந்து வருஷம் இந்தத் தொழிலில் காலம் தள்ளியவன் என்ற தகுதியில் நான் சொல்லித் தருகிறேன்.

ப்ரோகிராமைத் தப்பாக எழுதுவது இந்தக் கலையில் சேராது. அதை எவனும் செய்வான். தப்பாக எழுதினால் எர்ரர் உன் திரையில் வரும், சட்டையைப் பிடிப்பவர்கள் உன் சட்டையைத்தான் பிடிப்பார்கள். கெட்டிக்காரன் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும். சிவப்பு, ஒரு பாவமும் அறியாத பக்கத்து டீம் திரையில் விழும். சாம்பல் எண்ணூருக்கு, ஏசி அண்ணா நகருக்கு என்று பங்கு பிரித்த ஊரில் பிறந்தவன் நீ. உனக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நீ எழுதுவது ஜாவா ஃபைல். கம்பைலர் அதை அரைத்துக் கிளாஸ் ஃபைல் ஆக்குகிறது. இயந்திரத்துக்கு வேண்டியது அரைத்தது மட்டும்தான். தேங்காய் இருக்கிறது என்பதற்காகச் சட்னி இருப்பதாக ஆகிவிடாது. அதனால் உன் முதல் வேலை, தேங்காயை எல்லோருக்கும் காட்டிவிட்டுச் சட்னியை உன் வீட்டிலேயே வைத்துக்கொள்வது.

இதற்கு மேவன் என்ற பில்ட் கருவி அருமையான வசதி செய்து தந்திருக்கிறது. 'பேக்கேஜ்' என்று கட்டளை கொடுத்தால் ஜார் உருவாகி உன் ப்ராஜெக்ட்டின் டார்கெட் ஃபோல்டரில் உட்கார்ந்துகொள்ளும். 'இன்ஸ்டால்' என்றால் உன் கம்ப்யூட்டரிலேயே எம்2 என்ற கிடங்குக்குப் போகும். 'டெப்ளாய்' என்றால்தான் எல்லோரும் எடுக்கிற பொதுக் கிடங்குக்குப் போய்ச் சேரும். நீ இன்ஸ்டாலோடு நிறுத்திக்கொள். பிறகு "புது வெர்ஷன் ரெடி, எல்லோரும் மாறிக்கொள்ளவும்" என்று மெயில் போடு. கப்பலில் வந்த சரக்கை மாடியில் அடுக்கிவிட்டு, துறைமுகத்தில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஏஜென்ட்டுகளுக்குச் சொல்லி அனுப்பியது மாதிரி.

உனக்கு ஒரு குறையும் தெரியாது. உன் மெஷினில் இருக்கும் மற்ற ப்ராஜெக்ட்கள் எல்லாம் எம்2-விலிருந்து எடுத்துக்கொண்டு ஜோராக ஓடும். மற்றவர்கள் கேட்டால் மேவன் உலகமெல்லாம் தேடிவிட்டு இல்லை என்று கையை விரிக்கும். அதோடு விடாது. இல்லை என்று பதில் வந்ததையும் ஒரு குட்டி ஃபைலில் குறித்து வைத்துக்கொள்ளும். நீ மனசு மாறி அரை மணியில் டெப்ளாய் செய்துவிட்டாலும், சாதாரணமாக ஒரு நாள் கழியும்வரை மறுபடி தேடிப் போகாது. "போட்டாச்சே, பாரு" என்று நீ சொல்வாய். "இல்லையே" என்று பக்கத்து டீம்காரன் சொல்வான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. கட்டளையோடு 'மைனஸ் யூ' சேர்த்தால் பழைய குறிப்பைத் தள்ளிவிட்டு அப்போதே மறுபடி தேடும் என்பதை அவனிடம் சொல்லித் தொலைக்காதே.

ஜென்கின்ஸ் மாதிரி ஒரு பில்ட் சர்வர் இருந்தால் கவனம். அதனிடம் உன் எம்2 கிடையாது, யாருக்கும் தாட்சண்யம் பார்க்காது, விடியற்காலை மூன்று மணிக்கே உன் பெயரைப் போட்டு எல்லோருக்கும் மெயில் அனுப்பிவிடும். "அது எப்பவும் அப்படித்தான், ரெட்லதான் இருக்கும்" என்று ஆபீஸில் ஒரு பேச்சைக் கிளப்பிவிடு. இரண்டு வாரத்தில் அந்த மெயிலை யாரும் திறக்க மாட்டார்கள்.

ஜாரையே ஒளித்துவைப்பது கொஞ்சம் முரட்டு வேலை. ஒரே ஒரு கிளாஸ் ஃபைலை மட்டும் விடுவதில்தான் கைத்திறமை இருக்கிறது. ஜாவாவில் ஒரு கிளாஸுக்குள் பெயரில்லாத குட்டிக் கிளாஸ் எழுதினாய் என்றால், கம்பைலர் அதற்குத் தனி ஃபைல் போட்டு, தாய்க் கிளாஸின் பெயருக்குப் பின்னால் டாலர் குறியும் 1 என்ற எண்ணும் சேர்த்துப் பெயர் வைக்கும். இனி விளையாட்டைப் பார். லினக்ஸில் காப்பி செய்யும் ஸ்கிரிப்ட் எழுதும்போது மேற்கோள் குறி போடாமல் அந்தப் பெயரை அப்படியே எழுது. ஷெல்லுக்கு டாலர் 1 என்றால் 'எனக்குக் கொடுத்த முதல் சொல்' என்று அர்த்தம். நீ ஒன்றும் கொடுத்திருக்க மாட்டாய், அதனால் அந்த இடத்தில் வெறுமை. விளைவு, தாய் ஃபைலே இரண்டாம் முறையும் காப்பி ஆகும், குட்டி வீட்டிலேயே நிற்கும். எர்ரர் ஒன்றும் வராது. ஸ்கிரிப்ட் சமர்த்தாக முடிந்துவிட்டதாகச் சொல்லும். 2014-ல் ஜாவா 8 அதே வேலைக்கு லாம்டா என்ற சுருக்கு வழியைக் கொண்டுவந்து இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் கெடுத்தது, லாம்டாவுக்குத் தனி கிளாஸ் ஃபைல் விழாது. ஆனால் நம் துறைமுகப் பக்கத்து சாஃப்ட்வேர்களில் 2014-க்கு முன் எழுதியவை இன்னும் தாராளமாகக் கிடைக்கும், கவலைப்படாதே.

கேட்பதற்கு ஒரு ஃபைல்தான். எக்லிப்ஸ் எடிட்டரில் திறந்து பார்ப்பவனுக்கு மட்டும் தீபாவளி. உன் ஜாரை அவன் நேராகக் கூப்பிட்டிருக்கவே மாட்டான். வேறு ஒரு லைப்ரரியைக் கூப்பிட்டிருப்பான், அது இன்னொன்றைக் கூப்பிட்டிருக்கும், அந்த இன்னொன்றுக்கு உன் கிளாஸ் வேண்டியிருக்கும். 'தேவையான கிளாஸ் ஃபைல்களிலிருந்து மறைமுகமாகச் சுட்டப்படுகிறது' என்று எக்லிப்ஸ் சொல்லும். பத்திரிகை வைத்தது சித்தப்பாவுக்கு. சித்தப்பா பையனின் மாமனார் வந்து சேரவில்லை என்பதற்காகத் தாலி கட்டாமல் நிற்கிறது கல்யாணம். அதிலும் 'பில்ட் பாத் முழுமையாக இல்லை' என்ற செய்தி வந்துவிட்டால், அந்த ப்ராஜெக்ட் முழுவதையும் கம்பைல் செய்யாமல் எக்லிப்ஸ் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். உடனே அதை நம்பியிருக்கும் அடுத்த ப்ராஜெக்ட்டுக்குக் கிளாஸ் ஃபைல் இல்லை. அதை நம்பியிருக்கும் அடுத்ததற்கும் இல்லை. திரை முழுக்கச் சிவப்புப் பெருக்கல் குறி. அவன் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் திருத்த ஆரம்பிப்பான். ஆரம்பிக்கட்டும்.

பெயர் மாற்றுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. நாம் எந்தப் பெயரைச் சொன்னாலும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவோம். 1717-லிருந்து 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்தி, அவர் பெயரில் காலெட்பேட்டை ஆன இடம் நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. யாரும் வழி தவறவில்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் அங்கே நின்றபோது போர்டிலும் காலடிப்பேட்டைதான். எண்ணூர் துறைமுகத்துக்கு 2014-ல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் வைத்தார்கள். டிரெய்லர் ஓட்டுகிறவரிடம் "எங்கண்ணா லோடு?" என்று கேட்டுப் பார், "எண்ணூர் போர்ட்" என்பார். போய்ச் சேரவும் செய்வார்.

ஜாவாவுக்கு இந்தப் பெருந்தன்மை கிடையாது. பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினாலே அதற்கு வேறு ஆள். விண்டோஸில் ஃபைல் பெயரை எந்த எழுத்தில் எழுதினாலும் ஒன்றுதான், லினக்ஸில் வேறு வேறு. ஆகையால் நீ விண்டோஸில் உட்கார்ந்து பெயரைக் கொஞ்சம் அலட்சியமாக எழுதி, லினக்ஸ் சர்வருக்கு அனுப்பு. இங்கே காலடிப்பேட்டை, அங்கே காலெட்பேட்டை. வண்டி நிற்காது.

பெரியவர்கள் இதை எவ்வளவு விஸ்தாரமாகச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. நிறுவனங்களுக்கான பெரிய ஜாவா தொகுப்பை ஆரக்கிள் 2017-ல் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் கொடுக்க முடிவு செய்தது. வீட்டைக் கொடுத்தார்கள், பெயர்ப் பலகையை மட்டும் தரவில்லை. 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கும் பெயர்களை வைத்துக்கொண்டு மேலே வளர்க்க ஒப்பந்தம் படியவில்லை. 2020 டிசம்பரில் எல்லாவற்றையும் 'ஜகார்த்தா' என்று மாற்றினார்கள். ஜாவா தீவில் இருக்கிற ஊர்தான், தூரமாகப் போகவில்லை. ஆனாலும் பழைய பெயரில் இறக்குமதி செய்துகொண்டிருந்தவன் புது சர்வரில் ஏற்றியதும் கிளாஸே இல்லை என்று நின்றான். அதற்கு முன்பே 2018 செப்டம்பரில் ஜாவா 11 வந்தபோது, எக்ஸ்எம்எல்லைப் படித்துத் தரும் ஜாக்ஸ்பி என்ற பகுதியை உள்ளிருந்தே எடுத்துவிட்டார்கள். ஒரு வருஷம் முன்பே ஜாவா 9-ல் எச்சரித்திருந்தார்கள்தான். எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து கிளம்பியது உண்மை, அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்றும் தூண்களோடு நிற்பதும் உண்மை. அதற்காகப் பெட்டி படுக்கையோடு இராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு பம்பாய் மெயிலுக்குக் காத்திருந்தால் யார் பொறுப்பு?

கிடங்கையே நகர்த்துவது இன்னும் மேலான வித்தை. உலகமே நம்பியிருக்கும் மேவன் சென்ட்ரல், 2020 ஜனவரி 15-லிருந்து பூட்டில்லாத ஹெச்டிடிபி வழியாகக் கேட்டால் 501 என்று பதில் சொல்லி அனுப்பியது. ஹெச்டிடிபிஎஸ்ஸில் வா என்றார்கள். பாதுகாப்புக்காகச் செய்தது, முன்கூட்டியே அறிவித்தும் இருந்தார்கள். ஆனாலும் ஒரு எழுத்து சேர்க்காத பழைய பில்ட்கள் அன்று காலை அங்கங்கே உட்கார்ந்துவிட்டன. 2021 பிப்ரவரியில் ஜேஃப்ராக் தன் ஜேசென்டர் கிடங்கை மூடப்போவதாக அறிவித்தபோது ஆண்ட்ராய்டு எழுதுகிறவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். நீ அந்த உயரத்துக்குப் போக நாளாகும். இப்போதைக்கு ஷேர்டு டிரைவில் இருக்கும் ஃபோல்டரின் பெயரில் 'நியூ' என்று சேர்த்துப் பழகு.

இந்த விஷயத்தில் ஆதி குரு நம் ஊர்க் கோயிலில் இருக்கிறார் என்பது என் கட்சி. சுந்தரர் சங்கிலி நாச்சியாரைக் கல்யாணம் செய்துகொள்ளும்போது, திருவொற்றியூரை விட்டுப் பிரிய மாட்டேன் என்று சன்னிதியில் சத்தியம் செய்ய வேண்டும். பிரிய நேரும் என்று அவருக்கே தெரியும். ஆகவே சிவபெருமானிடம் போய், நான் சத்தியம் செய்யும்போது நீர் கருவறையில் இருக்காமல் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று கேட்டுக்கொண்டார். முகவரி அப்படியே இருக்கும், உள்ளே ஆள் இருக்காது. வெறும் ஃபோல்டரைக் காட்டிச் செய்கிற சத்தியம். பெருமான் சரி என்று சொல்லிவிட்டு, சங்கிலியார் கனவில் போய், மரத்தடியில் சத்தியம் வாங்கு என்று சொல்லிவிட்டார். புதுப் பாதையை நம்பியிருக்கிறவருக்கு முறையாகத் தெரிவித்துவிட்டார், பார். உன் தொழிலுக்கு அந்தப் பெருமான் ஆகாது. சுந்தரர் கதைதான் பாடம், ஆனால் அவர் ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் தெரியாமல் போன பகுதியை நீ படிக்காதே.

எர்ரரின் பெயரைப் பார்த்துச் சிலர் விவரம் கண்டுபிடித்துவிடுவார்கள். 'கிளாஸ் நாட் ஃபவுண்ட்' என்றால், ஓடும்போது யாரோ பெயர் சொல்லிக் கேட்டு, அந்தப் பெயரில் யாரும் இல்லை. 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்' என்றால், கம்பைல் செய்தபோது கண்ணால் பார்த்த ஆள் இப்போது இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவன் நேராக உன்னிடம் வந்துவிடுவான். அவனையும் ஏமாற்ற வழி இருக்கிறது. கிளாஸின் ஸ்டாட்டிக் பகுதியில், முதல் தடவை தொட்டதுமே வெடிக்கிற மாதிரி எதையாவது வை. முதல் தடவை உண்மையான காரணத்தோடு ஒரு எர்ரர் வரும். இரண்டாம் தடவையிலிருந்து ஜாவா வெறுமனே 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்' என்றுதான் முதலில் சொல்லும். லாக் ஃபைலின் வாலை மட்டும் பார்க்கிறவன், ஜாருக்குள் பத்திரமாக இருக்கும் ஃபைலை நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பான். உன்னிடம் கேட்டால் "கிளீன் பண்ணிப் பாத்தியா?" என்று திருப்பிக் கேள். எந்த எர்ரருக்கும் பொருந்துகிற பதில். டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்.

நேரம் பார்ப்பதும் முக்கியம். ஜாவா ஒரு கிளாஸை அது தேவைப்படும் கணத்தில்தான் தேடிப் போகும். காலையில் ஸ்டார்ட் ஆகிவிட்டதே, எல்லாம் இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. மத்தியானம் மூன்று மணிக்கு ஜாரை மாற்றி, நாலு கன்டெய்னர் சோதித்துப் பார்த்து, எல்லாம் பச்சை, ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடலாம். காணாமல் போன அந்த ஒரு கிளாஸ் தேவைப்படும் கன்டெய்னர் ராத்திரி ஒன்றரை மணிக்கு வரும்.

மீதி பத்து வந்தால் பூஜ்யம் என்று சொன்னேனே. அந்த ஒரு விதியை, பெயரில்லாத குட்டிக் கிளாஸில் ஒருவன் எழுதியிருந்தான். பதினொன்றில் ஒரு கன்டெய்னருக்கு மட்டும் அது தேவைப்படலாம், அதிலும் அப்படிப்பட்ட எண்களை முடிந்தவரை தவிர்ப்பார்கள், அதனால் அபூர்வம். எண்ணூர்ப் பக்கம் ஒரு யார்டு, எது என்று கேட்காதே. மார்கழிக் குளிர் என்று மெட்ராஸில் நாம் சொல்லிக்கொள்கிற அந்தப் புழுக்கம். கேட்டில் ஒரு டிரெய்லர் வந்து நின்றது, எண்ணை அடித்தார்கள், மீதி பத்து. ப்ரோகிராம் படுத்துவிட்டது. எழுப்பினார்கள். வரிசையில் முதலில் நிற்பது அதே வண்டி, அதே எண், மறுபடியும் படுத்தது. பின்னால் இருக்கும் வண்டிகள் ஒட்டிக்கொண்டு நிற்பதால் முதல் வண்டியைப் பின்னால் எடுக்கவும் முடியாது. எக்ஸ்பிரஸ் சாலை வரைக்கும் வரிசை.

ஜாரை மாற்றியவனுக்குப் போன் போனது. தூக்கக் கலக்கத்திலும் அவன் வாயில் சரியான மந்திரம்தான் வந்தது: "என் மெஷின்ல ஓடுதே!" வழக்கமாக அதோடு முடிந்திருக்கும். அவன் செய்த ஒரே பிழை, தேரடியில் வீடு பிடித்திருந்தது. மேனேஜர் பெங்களூரில் இருந்துகொண்டு, "நீ பக்கத்துலதானே இருக்கே, நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துரு" என்றுவிட்டார். ஆகவே தம்பி, உன் ஜாரை நம்பியிருப்பவர்கள் வேலை செய்கிற இடத்துக்கு இருபது கிலோமீட்டருக்குள் எக்காரணம் கொண்டும் வாடகைக்கு வீடு பார்க்காதே. தாம்பரம் நல்ல ஊர்.

லேப்டாப் பையோடு பைக்கில் வரிசையை ஒட்டிப் போகிறேன். வண்டிக்கு வண்டி டிரைவர்கள் கீழே இறங்கி நிற்கிறார்கள். ஒரு கிளீனர் பையன் சக்கரத்துக்குப் பக்கத்தில் அட்டையை விரித்துத் தூங்குகிறான். கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் பைக்கை மறித்தார்.

"இன்னா சார், சிஸ்டம் பட்த்துக்கிச்சாமே?"

"ஆமாண்ணா. ஒரு ஃபைல் மிஸ்ஸிங்."

"யார் கைல இருக்குது?"

நான் லேப்டாப் பையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன். "தேடிட்டு இருக்காங்க."

"கெட்ச்சா சொல்லுங்க. காத்தாலேர்ந்து கட்ட வண்டி மாதிரி நவுந்துனு கீறோம்."

உள்ளே போய்ப் பார்த்தால் அங்கிருந்த சர்வரில் என் லேப்டாப்பைச் சேர்க்க அனுமதி இல்லை. அனுமதி தர வேண்டியவர் போனை எடுக்கவில்லை. பென்டிரைவ் போடக் கூடாது என்று சுவரில் நோட்டீஸ். மூன்று கிலோபைட்டுகூடத் தேறாத ஒரு கிளாஸ் ஃபைல் மடியில் இருக்கிறது, இரண்டு அடி தள்ளி அது வேண்டிய மெஷின் இருக்கிறது. ஷிஃப்ட் சூப்பர்வைசர் வயதானவர், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு ரசீதுப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். நடுவில் கார்பன் தாள் வைத்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு முதல் வண்டிக்குப் பின்னால் போய்க் கதவில் இருந்த எண்ணைப் படித்தார்.

"கடைசி நம்பர் சரியான்னு பாக்கணுமேண்ணா" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே.

"பொட்டிமேலயே எழுதிக்கீதேப்பா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தார்.

முதல் வண்டி நகர்ந்தது. நாலு மணிக்குள் வரிசை கரைந்துவிட்டது. காலையில் பத்து மணிக்கு மேல் அனுமதி வந்தது, சர்வரில் ஜாரை முழுதாகப் புதிதாக ஏற்றினேன், குட்டிக் கிளாஸோடு. பிறகு அந்தப் புகாரைத் திறந்து, காரணம் என்ற கட்டத்தில் 'மறுபடி நிகழவில்லை' என்று எழுதி மூடினேன். அந்த வாக்கியத்தை நீயும் காப்பி செய்து வைத்துக்கொள்.